பழைய இங்கிலாந்து வெள்ளி கிரீம் ஜக்: என்ன கோளாறு, கை வைக்கலாமா?

இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன ஒரு வெள்ளி கிரீம் ஜக் (பாலோ கிரீமோ ஊற்றும், கைப்பிடியும் மூக்கும் வைத்த சின்ன ஜாடி) கைக்கு வந்தால், முதலில் அதைப் பளபளக்க வைக்கத்தான் மனசு துடிக்கும். எனக்கும் அப்படித்தான். 1780களில் லண்டனில் செய்த ஜக் ஒன்றை வாங்கி, அடுத்த வாரமே ஒரு கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். மெஷின் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். வாயைச் சுற்றி இருந்த மெல்லிய செதுக்கு வேலை பாதி போய்விட்டது. வெள்ளியின் தரம், ஊர், வருஷம் எல்லாம் சொல்லும் முத்திரைகளில் தேதி எழுத்து மழுங்கிவிட்டது. போன வெள்ளி போனதுதான், எந்த ஆசாரியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இது நோயா, வயதா என்பதுதான். வயது என்றால் தொடாமல் விட்டுவிடுவேன்.

ஜக்கின் வடிவத்தைப் பார்த்தாலே அதற்கு என்ன நோய் வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1740 முதல் 1760களின் மத்தி வரை செய்தவை பெரும்பாலும் குண்டு வயிறும் மூன்று சின்னக் கால்களும் கொண்டவை. இவற்றுக்குக் கால் பகுதியில்தான் தொல்லை. 1780, 90களில் வந்தது ஹெல்மெட் வடிவம். படைவீரனின் தலைக்கவசத்தைக் கவிழ்த்து ஒரு பீடத்தில் நிறுத்தினாற்போல் இருக்கும். மெல்லிய தகடு, உயரமான கைப்பிடி. கிழிவதும் ஒடுக்கு விழுவதும் இதில் சகஜம். 1800க்குப் பிறகு வந்தவை தாழ்வான, நீள்வட்ட அல்லது நீள்சதுர வயிறு கொண்டவை. இவை கொஞ்சம் உறுதி.

எதையும் செய்யும் முன் பத்து நிமிஷம்

இளஞ்சூடான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். ஜக்கின் மேல் மெதுவாக ஊதி மூச்சுப் படிய விடுங்கள். அந்தப் பனி கலையும் ஒன்றிரண்டு விநாடியில் பழைய பற்றவைப்புக் கோடுகள், ஒட்டுப் போட்ட இடங்கள், அழித்த எழுத்துகள் எல்லாம் வெளியே தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாதது மூச்சுக்குத் தெரியும் என்பதை நான் முதலில் நம்பவில்லை. செய்து பாருங்கள்.

அடுத்து கட்டைவிரலால் சுவர் முழுக்கத் தடவி மெல்ல அழுத்துங்கள். எங்காவது தகர டப்பா மூடி போல் 'டிக்' என்று உள்ளே போய் வந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எடை. இந்த வெள்ளியை டிராய் அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். ஒரு ஹெல்மெட் ஜக் மூன்று, நான்கு அவுன்ஸ்தான் இருக்கும். சில ஜக்குகளின் அடியில் அந்தக் காலத்திலேயே எடையைக் கூர்முனையால் கீறி வைத்திருப்பார்கள். கீறிய எடையைவிட இப்போது கொஞ்சம் குறைந்தால் அது தேய்மானம். கூடியிருந்தால் பிறகு யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

'கறுத்துப் போயிருக்கிறது'

முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா கலந்த நீலம், கடைசியில் கறுப்பு. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறும் படலம் இது. அதன் தடிமன் கூடக் கூட நிறம் மாறுகிறது.

மஞ்சள் நிலையில் சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். பழுப்பு நிலைக்கு வெள்ளி துலக்கும் நுரைப் பசையை ஈர பஞ்சில் எடுத்து, நேர்க்கோட்டில், லேசாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். வட்டமாகத் தேய்க்காதீர்கள், கீறல் எல்லாத் திசையிலும் விழும். முத்திரைகள் மேல் தேய்க்கவே வேண்டாம். அங்கே பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

நம் வீட்டுப் பழக்கங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளிக் குத்துவிளக்குக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் திருநீறு போட்டுத் துலக்கியே நாம் பழகிவிட்டோம். திருநீறும் பல்பொடியும் தேய்பொடிதான். கறுப்பு போவது அதோடு கொஞ்சம் வெள்ளியும் போவதால்தான். கனமான பூஜைப் பாத்திரம் அதைத் தாங்கும். தாள் கனத் தகட்டில் அரை மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத செதுக்கு வேலை உள்ள ஜக் தாங்காது. புளியும் உப்பும் பித்தளைக்கு. வெள்ளிக்கு உப்பு விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கடையில் விற்கும் முக்கி எடுக்கும் திரவத்தில் அமிலமும் தயோயூரியாவும் இருக்கும். ஐந்து விநாடியில் கறுப்பைக் கரைத்துவிடும். ஆனால் இலை, சுருள், செதுக்கு இவற்றின் குழிகளில் இருக்க வேண்டிய நிழலையும் சேர்த்தே கரைத்துவிடும். அந்த நிழல் போனால் வேலைப்பாடு தட்டையாக, வெளிறிப்போய்த் தெரியும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் அமிழ்த்தும் முறை கொஞ்சம் தேவலை, கறுப்பிலிருக்கும் வெள்ளி உலோகமாகத் திரும்ப ஜக்கிலேயே படிகிறது. அப்போது வரும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆனால் இதிலும் குழி நிழல் போய்விடும், மேற்பரப்பு மங்கும். பழைய ஜக்குக்கு இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

குழிகளில் கறுப்பு, மேடுகளில் வெளிச்சம் என்று இருந்தால் அது வயது, விட்டுவிடுங்கள். குழிகளில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ காய்ந்த பொடி அடைத்திருந்தால் அது முந்தைய தலைமுறையின் பாலிஷ் பொடி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான ஆட்டுமுடி பிரஷால் எடுத்துவிடலாம்.

'துலக்கி மூன்றே வாரத்தில் மறுபடி கறுக்கிறது'

இதில் ஜக்கின் மேல் தப்பில்லை, அலமாரியைப் பாருங்கள். கம்பளித் துணி, ரப்பர், செய்தித்தாள், ஓக் மர இழுப்பறை இவற்றின் பக்கத்தில் வெள்ளியை வைக்கக் கூடாது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால், இடையில் துணி இருந்தாலும், அது இருந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். ரப்பரில் கந்தகம் இருப்பதுதான் காரணம், அதனால் லேடெக்ஸ் கையுறையும் வேண்டாம். பருத்தி அல்லது நைட்ரைல் சரி. அமிலமில்லாத டிஷ்யூ தாளில் சுற்றி, மூடக்கூடிய பாலித்தீன் பையில் வையுங்கள். சமையலறையின் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை வெள்ளியில் நேராகச் சுற்றாதீர்கள். நாள்பட்டால் ஒட்டிக்கொண்டு வராது.

'எவ்வளவு தேய்த்தாலும் ஒரு சாம்பல் திட்டு போகவில்லை'

பலர் ஜக்கைப் பாழாக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து, அதன் பிரதிபலிப்பு ஜக்கில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். மேகம் படர்ந்தாற்போல் சாம்பலும் ஊதாவும் கலந்த திட்டு, வரைபடத்தின் கரை போல் ஓரம் கட்டித் தெரிகிறதா? அது கறை இல்லை, நெருப்புத் தழும்பு.

ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. தகட்டைத் தட்டி வளைக்கும்போது அது இறுகிப்போகும். இளக வைக்கத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும். காய்ச்சும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே ஊடுருவி, மேற்பரப்புக்குக் கீழே இருக்கும் செம்பை ஆக்சைடாக மாற்றிவிடும். வேலை முடிந்ததும் கொல்லர் ஜக்கை அமிலத்தில் போடுவார். மேல்தோலில் உள்ள செம்பு கரைந்து, சுத்த வெள்ளியாலான ஒரு மெல்லிய தோல் மிஞ்சும். ஜக் கடையை விட்டுப் போனபோது அப்படி ஒரே சீரான வெண்மையோடுதான் போயிருக்கும். பிறகு வேலைக்காரர்கள் இருநூறு வருஷம் துலக்கித் துலக்கி அந்தத் தோலைத் தேய்த்துவிட, அடியிலிருந்த தழும்பு எட்டிப் பார்க்கிறது.

ஆக, இன்னும் தேய்த்தால் தழும்பு கூடத்தான் செய்யும். முழுக்கப் போக்க வேண்டுமானால் அந்த ஆழம் வரை வெள்ளியைச் சுரண்ட வேண்டும், முத்திரையும் செதுக்கும் கூடவே போகும். சிலர் மேலே மின்முலாம் பூசி மறைத்துவிடுவார்கள். இந்த ஜக்குகளைச் சேர்ப்பவர்கள் நெருப்புத் தழும்பைப் பார்த்தால் முகம் சுளிக்க மாட்டார்கள், ஜக் அதன் சொந்தத் தோலோடு இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. 1785இல் செய்ததாகச் சொல்லும் ஜக், குளியலறைக் குழாய் மாதிரி ஒரே வெள்ளையாக, ஆழமில்லாமல் மின்னினால்தான் நான் சந்தேகப்படுவேன். முலாம் பூசியிருக்கலாம், முலாமுக்கு அடியில் ஒட்டுப் போட்ட இடமும் இருக்கலாம்.

'பச்சைப் புள்ளி, அல்லது கறுப்பாகச் சின்னச் சின்னக் குழி'

இது நோய்தான். உப்பு பட்ட இடத்தில் ஈரமும் சேர, வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பு அரிக்கிறது. பச்சையாகத் தெரிவது செம்பின் உப்புகள். கிரீம் ஜக்கில் யாராவது சாஸோ கிரேவியோ ஊற்றி வைத்திருப்பார்கள். கடலோர வீடுகளில் இருந்த ஜக்கிலும் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில் நன்றாக அலசி, மரக்குச்சி முனையால் பச்சையை மட்டும் மெல்ல எடுத்து, முழுக்க உலர்த்துங்கள். கறுப்புக் குழி நிரம்பாது. அதைச் சமன் செய்ய நினைத்தால் சுற்றியுள்ள சுவரையும் அந்த அளவுக்கு மெலிய வைக்க வேண்டும், எனவே விட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் போடுவது எப்போதும் கூடாது.

'உள்பக்கம் மஞ்சளாக இருக்கிறது, தேய்த்தால் போக மாட்டேன் என்கிறது'

போக விடாதீர்கள். அது தங்கம்! பால் புளித்தால் வரும் அமிலம் வெள்ளியைத் தொடாமலிருக்க, பல ஜக்குகளின் உள்பக்கம் தங்க முலாம் பூசியிருப்பார்கள். 1840க்கு முன் என்றால், தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து பூசி, பாதரசத்தை நெருப்பில் ஆவியாக்கி ஓட்டிய முலாம் அது. அந்த வேலையைச் செய்தவர்களின் நரம்பையும் மூளையையும் பாதரச ஆவி கெடுத்தது. இன்று அந்த முறையில் யாரும் சாதாரணமாகப் பூசிக் கொடுக்க மாட்டார்கள். அங்கங்கே தேய்ந்து வெள்ளி தெரிந்தாலும் பழைய முலாம் பழைய முலாம்தான். சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது.

'ஒழுகுகிறது'

முதலில் எங்கே என்று கண்டுபிடியுங்கள். விளிம்பு வரை ஊற்றாமல், கால் ஜக், அரை ஜக், முக்கால் ஜக் என்று படிப்படியாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் உலர்ந்த டிஷ்யூவின் மேல் பத்து நிமிஷம் வையுங்கள். எந்தக் கட்டத்தில் ஈரம் தட்டுகிறதோ அந்த மட்டத்துக்குக் கீழே, அதற்கு முந்தைய மட்டத்துக்கு மேலே ஓட்டை இருக்கிறது. பிறகு ஜக்கை உலர்த்தி, இருட்டறையில் உள்ளே செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி முனை வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் பார்த்தவரை நாலைந்து இடம்தான். பூவேலை செய்த ஜக்கில், பூவின் உச்சியில் துலக்கித் துலக்கித் தேய்ந்த ஊசித் துளை. மூன்று கால் ஜக்கில், கால் ஒட்டிய இடத்துக்குப் பின்னே விரிசல். ஹெல்மெட் ஜக்கில், பீடம் ஒட்டிய வளையத்தைச் சுற்றி வயிற்றில் கிழிசல். பீடத்தைப் பிடித்து யாரோ திருகியிருப்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆலையில் உருட்டிய மெல்லிய தகட்டைச் சுருட்டி ஒட்டிய ஜக்குகளில், கைப்பிடிக்குப் பின்னால் ஓடும் நேர்க்கோட்டு ஒட்டு. இவை தவிர, வாயின் விளிம்பில் கீழ்நோக்கி ஓடும் கீறல். அது ஒழுகாது, ஆனால் கவனிக்காவிட்டால் நீண்டுகொண்டே போகும்.

ஓட்டை இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினாலே தடம் விழும் மெத்தென்ற திட்டு இருக்கிறதா? யாரோ ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஊர்த் தகரக் கொல்லரின் கைவேலை. இதைக் கண்டால் இரண்டு விஷயம். ஒன்று, உள்பக்கம் ஈயம் தெரிந்தால் அந்த ஜக்கில் பாலோ கிரீமோ ஊற்றிக் குடிக்காதீர்கள். புளிப்பு பட்டால் ஈயம் கரையும். இரண்டு, ஈயம் இருப்பதைச் சொல்லாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்காதீர்கள். முறையான வெள்ளிப் பற்றவைப்புக்கு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வெள்ளியும் ஈயமும் சேர்ந்தால் 304 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் கலவை உண்டாகிறது. ஈயம் மிச்சமிருக்கும் இடத்தில் ஊதுகுழல் நெருப்புப் பட்டால் அது வெள்ளியை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கி, ஊசித் துளையை விரல் நுழையும் ஓட்டையாக்கிவிடும். ஈயத்தை ஒட்டு மொத்தமாகச் சுரண்டி எடுத்த பிறகுதான் நெருப்பு.

பசை போட்டு அடைப்பதும் இதே கணக்கு. பின்னால் சரியாகச் செய்ய வருபவர் அதைச் சுத்தம் செய்யவே அரை நாள் போகும். இப்போது பழைய வெள்ளியைப் பழுதுபார்க்கும் சிலர் லேசர் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடுவதால், பக்கத்தில் உள்ள தங்க முலாமும் மேற்பரப்பும் தப்பிக்கின்றன. மெல்லிய ஜக்குக்கு அதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

'மேசையில் வைத்தால் ஆடுகிறது'

மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, சாயும். அப்படிச் சாய்ந்தால் ஒரு கால் வயிற்றுக்குள் அமுங்கியிருக்கிறது. யாரோ 'டொக்' என்று மேசையில் வைத்த பழக்கத்தின் விளைவு. உள்ளே விரலை விட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். காலைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள், வயிறு கிழியும். மேட்டின் ஓரத்தில் விரிசல் இல்லையென்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட் ஜக் ஆடினால் பீடத்தின் விளிம்பு நெளிந்திருக்கும். அதை நிமிர்த்துவது தெரிந்தவருக்குச் சின்ன வேலை. ஆனால் முத்திரைகள் பல சமயம் அந்த விளிம்பிலேயே இருக்கும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

'ஒடுக்கு விழுந்திருக்கிறது'

கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நெம்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நெம்பினால் ஒடுக்கின் நடுப்பகுதி மட்டும் வெளியே துருத்தி, சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி மடிப்பு விழும். மடிப்பு விழுந்த வெள்ளி இறுகிவிடும், அடுத்த தட்டில் பிளக்கும். சரியாகச் செய்பவர் வளைவுக்கு ஏற்ற இரும்புத் தாங்கியை உள்ளே கொடுத்து, வெளியிலிருந்து மெல்லத் தட்டித் தடவி எடுப்பார். காய்ச்சி இளக்கித்தான் எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் யோசியுங்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் நெருப்புத் தழும்பு புதிதாக வரும், தங்க முலாம் கெடும். நகத்தளவு ஒடுக்கு இரண்டு மூன்று இருந்தால் வயது.

'கைப்பிடி அசைகிறது'

கைப்பிடியை அல்ல, அது ஒட்டியிருக்கும் சுவரைப் பாருங்கள். வழக்கமாகக் கைப்பிடி உறுதியாகவே இருக்கும். மேல் ஒட்டுக்குக் கீழே சுவர்தான் பிறை வடிவில் கிழிந்திருக்கும். அன்றிலிருந்து ஜக்கை வயிற்றில் கை கொடுத்துத் தூக்குங்கள். மறுபடி ஒட்டினால் மட்டும் போதாது, கிழிசலையும் அடைக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

'ஒரு இடம் மட்டும் மெலிந்து, டிக் டிக் என்கிறது'

மூக்குக்கு நேர் கீழேயோ பக்கவாட்டிலோ என்றால், அங்கே ஒரு குடும்பச் சின்னமோ முதலெழுத்துகளோ இருந்திருக்கும். ஜக் கைமாறியபோது புது உடைமையாளர் அதைச் சுரண்டி அழித்திருப்பார். மூச்சு விட்டுப் பார்த்தால் சில சமயம் பழைய சின்னம் ஆவி போல வந்து போகும். இதற்கு மருந்து இல்லை. அங்கே அழுத்தாதீர்கள், புதிதாக எதுவும் செதுக்கவும் வைக்காதீர்கள்.

'விளிம்பில் செம்பு தெரிகிறது'

அப்படியென்றால் பெரும்பாலும் அது ஸ்டெர்லிங்கே இல்லை. செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை உருக்கி ஒட்டி உருட்டிய ஷெஃபீல்ட் பிளேட்டாக இருக்கலாம். 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்தது. இல்லையென்றால் 1840இல் எல்கிங்டன் காப்புரிமை வாங்கிய மின்முலாம். இவற்றைத் தேய்க்கத் தேய்க்கச் செம்புதான் வரும். அதற்காக ஷெஃபீல்ட் பிளேட்டை மட்டமாக நினைக்க வேண்டாம், நல்லது கிடைத்தால் நான் வாங்குவேன். அதன் மேல் மின்முலாம் பூசிப் 'புதுப்பித்தால்'தான் மதிப்புப் போகும்.

முத்திரையெல்லாம் சரியாக இருக்கும் ஸ்டெர்லிங்கில் அண்மையில் ஒரு இளஞ்சிவப்பு வந்திருந்தால் அது வேறு கதை. பழுதுபார்த்தவர், பயன்படுத்திய அமிலத்திலிருந்து ஜக்கை இரும்பு இடுக்கியால் எடுத்திருப்பார். இரும்பு உள்ளே போனதும் அமிலத்தில் கரைந்திருந்த செம்பு வெள்ளியின் மேல் படியும். மெல்லிய படலம்தான், எடுத்துவிடலாம். ஆனால் அவரிடம் மறுபடி போக மாட்டேன்.

'முத்திரை குழப்புகிறது'

நகைக்கடையில் 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் திண்டாட்டம். எண்ணே இருக்காது, எல்லாம் உருவங்கள். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங். இங்கிலாந்தில் 1544 முதல் குத்துகிறார்கள். ஊர்ச் சின்னத்தில் சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்ட். கடைசி இரண்டு ஊர்களுக்கும் தரச்சோதனை அலுவலகம் 1773இல்தான் வந்தது. அதற்காக லண்டனுக்கு வந்து அலைந்தவர்கள் 'கிரவுன் அண்ட் ஆங்கர்' என்ற விடுதியில் தங்கியதால் அந்தச் சின்னங்கள் வந்தன என்று ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்வோம். பிறகு வருஷத்துக்கு ஒரு எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். 1784 டிசம்பர் முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலையும் சேரும்.

அறிகுறிகள்: தேதி எழுத்து 1800களைச் சொல்கிறது, ஆனால் அரசர் தலை இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். லண்டன் சிறுத்தைக்குக் கிரீடம் இருந்தால் 1821க்கு முன். இல்லாவிட்டால் அதற்குப் பின். சிங்கத்துக்குப் பதில் அமர்ந்த பெண் உருவம் இருந்தால் அது பிரிட்டானியா, வெள்ளி 958. 1697 முதல் 1720 வரை அந்தத் தரம் கட்டாயமாக இருந்தது. லண்டன் தேதி எழுத்து இருபதே எழுத்துகளில் சுற்றி வரும். ஏ முதல் யூ வரை, ஜே கிடையாது. 1776இல் தொடங்கிய சின்ன எழுத்துச் சுற்று 1795இல் முடிந்தது. எழுத்து மே மாதத்தில் மாறியதால் ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருக்கும். என் ஜக்கில் மழுங்கிய எழுத்து 'கே' என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கிரீடம் மட்டும் தனியாக இருந்து, சிங்கம் இல்லையென்றால் ஷெஃபீல்ட் ஸ்டெர்லிங் என்று குதிக்க வேண்டாம். முலாம் பொருள்களிலும் கிரீடம் குத்தியிருக்கிறார்கள். சின்னக் கேடயங்களில் 'இ.பி.என்.எஸ்.' என்று நாலு எழுத்து வரிசையாக இருந்தால் அது மின்முலாம் பூசிய நிக்கல் கலவை. இன்னொன்று: ஜக் முழுக்க நம் சாமி உருவங்கள் புடைத்து நின்றால் அது இங்கிலாந்து வேலையே அல்ல. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் செய்த 'சுவாமி' வெள்ளியாக இருக்கலாம். அதில் சிங்கத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முத்திரை இருக்கும் இடமும் பேசும். குண்டு வயிற்று ஜக்கில் வயிற்றின் அடியில். ஹெல்மெட் ஜக்கில் பீடத்தின் விளிம்பிலோ வாய்க்கு அருகிலோ வரிசையாக. முத்திரைகளைச் சுற்றி ஒரு பற்றவைப்புக் கோடு மூச்சில் தெரிந்தால், வேறொரு பொருளிலிருந்து வெட்டி ஒட்டியது. முத்திரையின் ஓரங்கள் கூர்மையில்லாமல், லென்ஸில் மணல் மாதிரி பொரிப்பொரியாகத் தெரிந்தால், அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தது. பூவேலையின் கொடி முத்திரையின் மேலேயே ஏறிப்போனால், ஜக் பழையது, பூவேலை பிறகு விக்டோரியா காலத்தில் யாரோ தட்டியது. முத்திரை குத்திய பிறகுதானே கொடி படர்ந்திருக்க முடியும்?

குழந்தைக்குப் பால் கொடுக்கும் சின்ன வெள்ளிக் குவளைக்கு மூக்கு வைத்து கிரீம் ஜக் ஆக்கியவையும் சுற்றுகின்றன. மூக்கும் வயிறும் சேரும் கோட்டை லென்ஸில் பாருங்கள். கோடு இருந்தாலே மோசடி என்று சொல்ல முடியாது. 1720, 30களின் சில ஜக்குகளில் குருவி அலகு மாதிரி மூக்கைத் தனியே செய்து ஒட்டியதுண்டு. ஹெல்மெட் ஜக்கில் மூக்கு வயிற்றோடு ஒரே தகடு, அதில் கோடு இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. இப்படி முத்திரை குத்திய பிறகு அனுமதியில்லாமல் மாற்றுவது பிரிட்டனில் 1973 ஹால்மார்க் சட்டப்படி குற்றம். சந்தேகப் பொருளை, லண்டனில் முத்திரை குத்தும் பொற்கொல்லர் சங்கமான கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனியின் பழம்பொருள் குழு பார்த்துச் சொல்லும்.

எச்.பி. என்று சாய்ந்த எழுத்தில் இருந்தால் மனசு படபடக்கும். 1761இல் தன் முத்திரையைப் பதிந்து, 1790இல் ஓய்வு பெற்ற ஹெஸ்டர் பேட்மன் என்ற விதவைப் பெண்ணின் பட்டறை அது. அந்தப் பெயருக்கு விலை கூடும், அதனால் பொய்யும் கூடும். மேலே சொன்ன எல்லாவற்றையும் இரண்டு தடவை பாருங்கள். உரைகல்லில் உரசி அமிலம் விட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது அரத்தை எடுத்தால் ஜக்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

'வாடை அடிக்கிறது'

சாதாரண ஜக்கில் அடிக்காது. அடித்தால் உங்களிடம் இருப்பது பசு ஜக். லண்டனில் ஜான் ஷூப் என்பவர் 1750, 60களில் பசு வடிவிலேயே கிரீம் ஜக் செய்தார். முதுகில் ஈ உட்கார்ந்த மூடி, அதைத் திறந்து ஊற்ற வேண்டும். வால்தான் கைப்பிடி, கிரீம் வாய் வழியாக வரும். மூலை முடுக்குகளைக் கழுவ முடியாது. பார்க்க மட்டும் வையுங்கள்.

'ஊற்றினால் மூக்கு வழியாகச் சொட்டுகிறது'

மூக்கின் நுனியைச் சோப்பு போட்டுக் கழுவிப் பாருங்கள். கொழுப்புப் படலம் இருந்தால் கிரீம் நுனியில் அறுந்து விழாமல் அடிப்பக்கமாக ஓடிவரும். அதற்கும் அடங்கவில்லையென்றால் நுனி தேய்ந்து உருண்டிருக்கிறது. அரம் போட்டுக் கூராக்குவோம் என்று நினைக்காதீர்கள், கீழ்நோக்கி வளைக்கவும் வேண்டாம், அங்கேதான் விளிம்பு முதலில் பிளக்கும். என் ஜக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு விடும். கீழே ஒரு சாஸர் வைத்திருக்கிறேன்.